சாமஸின் கவசக் கை, அலிக்ஸின் வெறுங்கை

கையசைவால் ஆடும் வீடியோ கேம் என்றதும் பலருக்கு டென்னிஸும் பௌலிங்கும் நடனமும்தான் நினைவுக்கு வரும். வேற்றுக்கோள்களும் விண்கலங்களும் துப்பாக்கிச் சண்டையும் நிறைந்த அறிவியல் புனைவு விளையாட்டுகளுக்குள்ளும் அந்தக் கையசைவு நுழைந்தது. அங்கே அது செய்த வேலை நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. ஏனென்றால் ஆடுபவரின் உடம்புக்கும் திரையிலுள்ள பாத்திரத்தின் உடம்புக்கும் என்ன உறவு என்ற கேள்வியை இந்த வகை விளையாட்டுகள்தான் நேராகக் கையில் எடுத்தன.

இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இயங்கும் ரெட்ரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி, நின்டெண்டோ தன் வீ கருவிக்காக 2007 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியிட்ட ‘மெட்ராய்டு பிரைம் 3: கரப்ஷன்’. மற்றது, ‘ஹாஃப்-லைஃப்’ வரிசையின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனம் மெய்நிகர் ஹெட்செட்டுகளுக்கென்றே செய்து 2020 மார்ச்சில் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’. இடையில் பன்னிரண்டரை ஆண்டுகள். கணினித் துறையில் அது ஒரு யுகம். ஆனாலும் இவற்றைச் சேர்த்து நிறுத்தக் காரணங்கள் உண்டு. இரண்டிலும் நாயகி ஒரு பெண். இரண்டிலும் தூரத்தில் இருப்பதைத் தன் பக்கம் இழுக்கும் சாதனம் அவள் கையோடு ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் தொட்டதையெல்லாம் உருமாற்றும் வேற்றுலகத் தொற்று கதைக்கு அடியில் ஓடுகிறது.

கை என்ற உறுப்பைப் பற்றி மட்டும் இரண்டும் நேரெதிராக நினைக்கின்றன. மெட்ராய்டின் நாயகி சாமஸ் ஆரனின் வலக்கை ஒரு பீரங்கிக்குள் இருக்கிறது. முழங்கை வரை உலோகம் மூடிய அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது. சுட மட்டுமே முடியும். அலிக்ஸ் வான்ஸுக்கு விரல்கள் உண்டு, கவசம் இல்லை. ஆடுபவரின் கையசைவு இந்த இரண்டு கைகளில் எதற்குள் போய்ச் சேர்கிறது என்பதுதான் இந்த விளையாட்டுகளின் முழு அனுபவத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். கருவியின் துல்லியம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீயோடு வந்த சென்சார் பாரைப் பற்றிப் பலருக்கு இன்றும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தொலைக்காட்சிக்கு மேலோ கீழோ வைக்கும் அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். பார்க்கும் கண் ரிமோட்டின் நுனியில் இருக்கிறது. அங்குள்ள சிறு கேமரா அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்து, அவை எங்கே தெரிகின்றன, எவ்வளவு இடைவெளியில் தெரிகின்றன என்பதை வைத்து, ரிமோட் திரையின் எந்த இடத்தைச் சுட்டுகிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கிறது. பட்டை பழுதானபோது இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்து ஆடியவர்கள் உண்டு. சுடரிலும் அகச்சிவப்பு ஒளி இருப்பதால் ரிமோட் ஏமாந்துவிடும். இடக்கையில் பிடிக்கும் நன்சக்கில் கேமரா கிடையாது. அதில் இருப்பது ஒரு முடுக்கமானி. கை வெடுக்கென்று அசைந்ததை அது அறியும். கை எங்கே இருக்கிறது என்பதை அறியாது.

அலிக்ஸ் ஆடும் கருவிகள் வேறு தலைமுறை. வால்வின் சொந்த ஹெட்செட்டான இண்டெக்ஸில், அறையின் மூலைகளில் வைத்த இரு நிலையங்கள் லேசர் கதிரைச் சுழற்றி வீசுகின்றன. ஹெட்செட்டிலும் கண்ட்ரோலர்களிலும் பதித்த உணரிகள் கதிர் தம்மைத் தொட்ட நேரத்தைக் கணக்கிட்டு, தாம் இருக்கும் இடத்தையும் சாய்வையும் கண்டுபிடிக்கின்றன. கை முதுகுக்குப் பின்னால் போனாலும், தரையை நோக்கித் தாழ்ந்தாலும் விளையாட்டுக்குத் தெரியும்.

ஆக, பிரைம் 3-க்குத் தெரிவது சுட்டலும் வெட்டி இழுத்தலும். அலிக்ஸுக்குத் தெரிவது கை முழுவதும். குறைவாகத் தெரிந்த விளையாட்டு அந்தக் குறையை என்ன செய்தது என்பதில்தான் ரெட்ரோ ஸ்டூடியோஸின் திறமை இருக்கிறது. ரிமோட்டுக்கு முக்கியமாகத் தெரிவது ஒரு குழல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்பதுதான். சாமஸின் வலக்கையும் ஒரு குழல். இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. பீரங்கிக் கை சாமஸுக்கு வீ வருவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே, 1986-இல் வந்த முதல் மெட்ராய்டிலேயே இருந்தது. காத்திருந்து கிடைத்த உறை போல ரிமோட் வந்து சேர்ந்தது.

இந்தப் பொருத்தம் தற்செயலாகத் தானே அமைந்துவிடவில்லை என்பதற்கு, வீயோடு 2006-இல் வெளிவந்த ‘ரெட் ஸ்டீல்’ சாட்சி. துப்பாக்கியும் வாளும் ரிமோட்டாலேயே இயங்கும் என்று பெரிய எதிர்பார்ப்போடு வந்தது அது. ஆனால் குறி ஓரத்துக்குப் போனால்தான் பார்வை திரும்பும் என்ற ஏற்பாட்டில் திரும்புவதே ஒரு போராட்டமாக இருந்தது. பிரைம் 3-ம் அதே ஏற்பாட்டைத்தான் கொண்டிருக்கிறது: கர்சர் நடுவில் உலவும்வரை பீரங்கி மட்டும் அசையும், ஓரத்தைத் தொட்டால் சாமஸ் திரும்புவாள். ஆனால் இங்கே மூன்று நிலை உணர்திறன் தந்தார்கள். அதில் மேம்பட்ட நிலையை எடுத்துக்கொண்டால், அசையாத நடுப்பகுதி சுருங்கி, சிறு மணிக்கட்டு அசைவுக்கே பார்வை சட்டென்று திரும்புகிறது. 2002-இல் வந்த முதல் மெட்ராய்டு பிரைமில் ஒரு பொத்தானை அழுத்தி எதிரியைப் பூட்டிவிட்டால் குறி தானாகவே அவன் மேல் நிற்கும். மூன்றாம் பாகத்தில் அந்தப் பூட்டு பார்வையை மட்டும் பிடித்துவைக்க, குறியைக் கைக்கே விட்டுவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். உடம்பு எதிரியைச் சுற்றிச் சுழலும், கை தனியாக அவன் தலையையோ தோளையோ தேடும். இரண்டு வேலை ஒரே நேரத்தில். கேம்பேடில் பல்லாண்டு ஆடியவர்களுக்குக் கூட இது புதிதாக இருந்தது. இந்த ஒரு அமைப்புக்காகவே பிரைம் 3-ஐ நான் உயர்வாக வைப்பேன்.

இடக்கையின் கதை வேறு. கிராப்பிள் லாசோ என்ற ஒளிக்கயிறு சாமஸின் இடக்கையிலிருந்து புறப்படுகிறது. எதிரியைப் பூட்டி, நன்சக்கை முன்னால் வீசினால் கயிறு பாய்ந்து அவன் கேடயத்தைப் பற்றுகிறது. பின்னால் இழுத்தால் கேடயம் பிய்ந்து வருகிறது. கருவிக்குத் தெரிவதோ ஒரு வெட்டு முன்னால், ஒரு வெட்டு பின்னால் என்பது மட்டும்தான். கயிறு விறைப்பதும், கேடயம் ஆடி ஆடி அறுந்து விழுவதும், அந்த ஒலியும்தான் இழுத்த உணர்வைத் தருகின்றன. நன்சக்கில் அதிரும் மோட்டார் கிடையாது, ரிமோட்டில்தான் உண்டு. இழுப்பது இடக்கை, அதிர்வது வலக்கை. இருந்தும் என் மனம் அந்தப் பாரத்தை இடக்கையிலேயே உணர்கிறது. மூளை எவ்வளவு தாராளமாகத் தன் பங்கைச் சேர்த்துக்கொள்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தக் கயிறு கதைக்கும் கையாகும் இடம் ஒன்று இருக்கிறது. விளையாட்டின் தொடக்கத்தில் நோரியன் கோளில் ஓர் ஆழ்துளைக்குள் சாமஸ் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறாள். கூடவே விழும் ரிட்லி என்ற பறவைநாக அரக்கனைச் சுட்டுக்கொண்டே விழுகிறாள். நடக்க வேண்டியதில்லை, திரும்ப வேண்டியதில்லை, சுட்டுவது ஒன்றே வேலை. ரிமோட்டின் குணம் கலப்பில்லாமல் வெளிப்படும் இடம் அது. அடிமட்டத்தை மோதுவதற்குள் அவளைத் தாங்கிப் பிடிப்பவன் ரன்டாஸ், பனியை ஆளும் சக வேட்டைக்காரன். பிறகு பிரையோ கோளில் அதே ரன்டாஸ் ஃபேசான் நஞ்சால் கெட்டு எதிரியாக நிற்கிறான். அவன் தடுமாறி நிற்கும் கணத்தில் அவன் மேனியில் படிந்த பனிக் கவசத்தை ஒளிக்கயிற்றால் பிய்த்தெடுக்க வேண்டும். தன்னைத் தாங்கியவனின் கவசத்தைத் தன் இடக்கையால் உரிப்பது. ஒரு பொத்தானை அழுத்தி இதைச் செய்திருந்தால் சண்டையின் ஒரு படியாக அது கடந்து போயிருக்கும். கை இழுத்ததால் அந்தச் செயல் ஆடுபவரைச் சேர்ந்ததாகிறது.

அலிக்ஸின் கையுறைகளும் இழுக்கத்தான் செய்கின்றன. ரஸ்ஸல் என்ற பொறியாளர் தன் ஆய்வுக்கூடத்திலிருந்து அவளுக்குத் தரும் ஈர்ப்புக் கையுறைகள் அவை. தூரத்துப் பொருளைச் சுட்டிப் பிடித்து, மணிக்கட்டைத் தன் பக்கம் சுண்டினால் அது காற்றில் வளைந்து பறந்து வரும். வருவதைக் கையை மூடிப் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் தோளைத் தாண்டி விழுந்து உருண்டு போகும். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சாமஸின் கயிறு பற்றினால் பற்றியதுதான். அலிக்ஸின் இழுப்பில் பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. 2004-இன் ‘ஹாஃப்-லைஃப் 2’வில் ஈர்ப்புத் துப்பாக்கி இதே வேலையைச் செய்தது, ஆனால் அது பொருளைத் தன் வாயருகே தானே நிறுத்திக்கொள்ளும். கையுறைகளுக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஹெட்செட் மாட்டியவர் தரையில் கிடக்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டிக்கும் குனிய முடியாது. சிறிய அறையில் மேசை தாண்டி நடக்கவும் முடியாது. அந்தத் தடையைக் கதைக்குள்ளேயே ஒரு கண்டுபிடிப்பாக மாற்றிவிட்டார்கள்.

இனித் துப்பாக்கி. இதில்தான் இரண்டும் அதிகம் பிரிகின்றன, எனக்குச் சொல்லவும் அதிகம் இருக்கிறது.

சாமஸின் பீரங்கிக்குத் தோட்டா நிரப்ப வேண்டியதே இல்லை. ஏவுகணைகளுக்கு மட்டும் எண்ணிக்கை உண்டு. மற்றபடி அழுத்திக்கொண்டே இருக்கலாம். அலிக்ஸின் கைத்துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தால், முதலில் ஒரு பொத்தானால் காலி மேகசினை விழவிட வேண்டும். பிறகு இடக்கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் முதுகுப் பையிலிருந்து புதியதை எடுக்க வேண்டும். அதைத் துப்பாக்கிப் பிடியின் அடியில் செருகி, மேலுள்ள ஸ்லைடை விடுவித்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். ஷாட்கன்னை மடித்துத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக நுழைத்து, மணிக்கட்டைச் சுண்டி மூட வேண்டும். அமைதியான அறையில் இது கை பழகினால் வரும் அழகான வேலை. இருட்டு நடைபாதையில் தலையைக் கவ்வும் ஹெட்கிராப் உயிரியைச் சுமந்த ஒரு நடைபிணம் கையை நீட்டிக்கொண்டு வரும்போது, அதே வேலை அவசரத்தில் ஊசியில் நூல் கோப்பதாகிவிடுகிறது. மேகசின் வாயில் நுழையாமல் இடிக்கிறது. எடுத்தது கைநழுவுகிறது. ஸ்லைடை விடுவிக்க மறந்து வெற்றாகச் சுட்டு, ஒலி வராததைக் கேட்டுப் பின்வாங்க வேண்டியிருக்கிறது.

திகில் விளையாட்டுகள் பொதுவாக எதிரியின் முகத்தை வைத்தும் இருட்டை வைத்தும் பயத்தை உண்டாக்கும். அலிக்ஸ் ஆடுபவரின் சொந்த விரல்களிலிருந்து பயத்தை எடுக்கிறது. அந்த விரல்களுக்கு நேரம் கொடுப்பதற்காக மற்றவற்றையெல்லாம் நிதானப்படுத்தியிருக்கிறார்கள். ‘ஹாஃப்-லைஃப் 2’வில் கூரை மேல் தாவித் துரத்திய வேக நடைபிணங்கள் இங்கே இல்லை. எதிரிப் படையான காம்பைனின் வீரர்கள் கூட்டமாக வராமல் சிலராகவே வருகிறார்கள். தாவுவதற்கு முன் ஹெட்கிராப் உடலைக் குவித்துக் குரல் கொடுக்கிறது. பிரைம் 3-இல் விண்கொள்ளையர்கள் கூட்டமாகப் பாய்வார்கள், சுவரேறுவார்கள், ஜெட் மாட்டிப் பறப்பார்கள். அவ்வளவு வேகத்தைத் தாங்குவது சாமஸின் கவசமும், திரையைச் சுட்டினால் போதும் என்ற ரிமோட்டின் சுலபமும். வேகம் கவசத்துக்கு உரியது, நிதானம் வெறுங்கைக்கு உரியது என்று இரு குழுக்களும் சரியாகவே கண்டுகொண்டிருக்கின்றன.

அலிக்ஸின் ஏழாவது அத்தியாயத்தை இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. பழைய வோட்கா வடிசாலை ஒன்றில் ஜெஃப் என்று பேர் வைக்கப்பட்ட ஓர் உருமாறிய மனிதன் அலைகிறான். அவனைச் சுட்டுக் கொல்ல முடியாது. அவனுக்குக் கண் தெரியாது, காது கூர்மை. அவன் உடலிலிருந்தும் சுவர்களில் முளைத்த பூஞ்சையிலிருந்தும் கிளம்பும் வித்துத்தூளைச் சுவாசித்தால் அலிக்ஸுக்கு இருமல் வரும். இருமினால் அவன் வருவான். ஆகவே ஆடுபவர் தன் கையைத் தூக்கித் தன் வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான கை, உண்மையான வாய். அப்போது மிச்சம் இருப்பது ஒரே கை. அந்தக் கையால் அலமாரியைத் திறந்தால் உள்ளிருந்து பாட்டில் சரிந்து விழுகிறது. வாயிலிருந்து கையை எடுத்துப் பாட்டிலைப் பிடிப்பதா, இருமலை அடக்கிக்கொண்டு பாட்டிலை உடையவிடுவதா என்ற தேர்வு கால் நொடியில் உடம்பால் எடுக்கப்படுகிறது. இதை வேறு எந்தக் கட்டுப்பாட்டு முறையாலும் தர முடியாது என்று நினைக்கிறேன். கையசைவு விளையாட்டுகளின் வரலாற்றிலேயே சிறந்த அரைமணி என்று இந்த அத்தியாயத்தைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

அதிலேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. வழியில் கிடைக்கும் சுவாச முகமூடியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டால் வாயைப் பொத்த வேண்டியதில்லை; கை விடுதலையாகிறது. அதேபோல் கட்டுமானத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டால், கூரையிலிருந்து நாக்கைத் தொங்கவிடும் பார்னக்கிள் தலையை விட்டுவிட்டுத் தொப்பியைக் கவ்விக்கொண்டு போகும். எந்த அறிவிப்புப் பலகையும் இதைச் சொல்லித் தருவதில்லை. தொப்பி என்றால் தலையில் வைக்கலாம் என்று கைக்குத் தோன்றுவதை விளையாட்டு நம்புகிறது.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே ஒரு அழகான தலைகீழ் இருக்கிறது. பிரைம் 3-இல் ஆடுபவரின் தலையில் ஒன்றுமில்லை. ஆனால் திரை முழுவதும் சாமஸின் தலைக்கவசக் கண்ணாடியாக வரையப்பட்டிருக்கிறது. நீராவி அதில் படிகிறது, வெடிப்பின் வெளிச்சத்தில் அவள் முகம் ஒரு கணம் உட்புறம் பிரதிபலிக்கிறது. தொலைக்காட்சியின் விளிம்பு கவசத்தின் விளிம்பாகிவிடுகிறது. அலிக்ஸிலோ ஆடுபவர் கனமான ஹெட்செட்டைச் சுமக்கிறார், கதைக்குள் அலிக்ஸ் வெறுந்தலையோடு நடக்கிறாள். உடம்பிலும் இதே புரட்டு. சாமஸின் பீரங்கி முழுதாகத் தெரிகிறது. அலிக்ஸுக்கு மணிக்கட்டுக்கு மேல் கை வரையப்படவே இல்லை. காற்றில் மிதக்கும் இரண்டு கையுறைகள் மட்டும். சொன்னால் விசித்திரமாக இருக்கும், ஆடும்போது உறுத்துவதே இல்லை. தன் முழங்கை எங்கே இருக்கிறது என்று ஆடுபவருக்கே தெரியும்; தவறாக வரைந்த முழங்கைதான் உறுத்தும்.

இரண்டும் சறுக்கும் இடங்களும் உண்டு. பிரைம் 3-இல் கதவுகளையும் இயந்திரங்களையும் இயக்கச் சுவரில் ஒரு கைப்பிடி வரும். ரிமோட்டை முன்னால் நீட்டி, பின்னால் இழுத்து, மணிக்கட்டைத் திருப்பி, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். சாமஸின் கை பிடியைப் பற்றும் காட்சி முதல் முறை மனதுக்கு நிறைவாக இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும்போது சலிப்பாகிறது. ஆபத்து எதுவும் இல்லாத இடத்தில் அசைவைக் கேட்பது வேலை வாங்குவதாகிவிடுகிறது. அலிக்ஸின் பூட்டுப் புதிர்களும் அப்படித்தான். காற்றில் மிதக்கும் ஒளிக்கோளத்தை இரு கைகளாலும் சுழற்றிப் புள்ளிகளைச் சேர்ப்பது கண்ணுக்கு அழகு, ஆனால் விரல் நடுங்க அதில் காரணம் இல்லை. அந்தப் புதிர்களில் சுவரைத் தட்டித் தடவி மின்கம்பி போகும் வழியைத் தேடும் பகுதி மட்டும் எனக்குப் பிடிக்கும். கை அங்கே உண்மையிலேயே எதையோ தேடுகிறது.

எடை என்ற பிரச்சினையை இரண்டுமே முழுதாகத் தீர்க்கவில்லை. கையில் பிடித்திருப்பது எப்போதும் எடை குறைந்த பிளாஸ்டிக்தான். திரையில் வாளை ஓங்கி இரும்பை வெட்டினாலும் கை தடையின்றிக் காற்றில் போய்விடும். ஹாஃப்-லைஃப் வரிசையின் அடையாளமான கடப்பாரை அலிக்ஸில் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம். கையில் வைத்து நடந்தபோது அது கதவிலும் சுவரிலும் சிக்கியதையும், கடப்பாரையைப் பார்த்ததும் ஆடியவர்கள் தங்களைப் பழைய நாயகன் கார்டன் ஃப்ரீமேனாக எண்ணிக்கொண்டதையும் வால்வின் வடிவமைப்பாளர்கள் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்கள். இருபது ஆண்டுப் புகழ் கொண்ட ஆயுதத்தைக் கை ஒப்பாததால் கழித்துக் கட்டிய துணிச்சலை மதிக்கிறேன். பிரைம் 3-இல் எடைப் பிரச்சினை அவ்வளவாக உறுத்தாததற்கு ஒளிக்கயிறே காரணம். கயிறு நெகிழும், ஆகவே கையும் திரையும் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொய் வெளிப்படாது.

உடம்பின் களைப்பையும் சொல்ல வேண்டும். பிரைம் 3-ஐ நாற்காலியில் சாய்ந்து, முழங்கையை மடியில் ஊன்றி மணிநேரக் கணக்கில் ஆடலாம். பீரங்கிக் கை எந்நேரமும் நீட்டியிருப்பது திரையில்தான்; நம் கை ஓய்வில் இருக்கலாம். அலிக்ஸில் குனிய வேண்டும், தூணுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்க வேண்டும், கையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். கதைக்குள் நடக்கும்போது கண் நகர்கிறது என்கிறது, உட்செவி நகரவில்லை என்கிறது. அந்த முரணில் சிலருக்குக் குமட்டும். அதற்காகவே சுட்டிய இடத்துக்குக் கண்சிமிட்டும் நேரத்தில் தாவும் முறையையும், உட்கார்ந்தபடி ஆடும் வசதியையும், ஒரே கையால் ஆடும் ஏற்பாட்டையும் வால்வ் சேர்த்தது. எந்தக் கை முதன்மைக் கை என்பதையும் தேர்ந்துகொள்ளலாம். பிரைம் 3-இல் இடக்கைக்காரர் ரிமோட்டை இடக்கையில் பிடிக்கலாம், ஆனால் திரையில் சாமஸின் பீரங்கி வலப்பக்கமே நிற்கும். இந்த அக்கறையில் அலிக்ஸ் வெகுதூரம் முன்னே இருக்கிறது. விலையில் நிலைமை மாறுகிறது. வீ 2006-இல் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. பத்துக் கோடிக்கு மேல் விற்றது. இண்டெக்ஸ் முழுத் தொகுப்பு 2019-இல் 999 டாலருக்கு வந்தது, அதை இயக்க வலுவான கணினி தனி. மலிவான ஹெட்செட்டுகளிலும் அலிக்ஸை ஆடலாம் என்பது உண்மைதான், ஆனாலும் பிரைம் 3 நுழைந்த வரவேற்பறைகளின் எண்ணிக்கையை அது எட்டவே முடியாது.

இரு கதைகளும் முடியும் இடத்தில் கைக்கு எல்லையற்ற வலிமை தரப்படுகிறது. பிரைம் 3-இன் கடைசிக் கோளான ஃபேசில் காலடி வைத்ததும் சாமஸ் நிரந்தரமாக, ஃபேசான் ஆற்றலில் இயங்கும் ஹைப்பர் நிலைக்குப் போய்விடுகிறாள். பீரங்கி முன்னெப்போதும் இல்லாத ஆற்றலோடு சுடுகிறது, அதே ஆற்றல் அவளை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கிறது; மானி நிரம்புவதற்குள் முடிக்க வேண்டும். அதுவரை காத்த கவசமே இப்போது நோயின் கூடு. அலிக்ஸில் கதை போய்ச் சேரும் பெட்டகத்தின் உட்புறம் போகும்போது துப்பாக்கிகள் போய்விடுகின்றன. கையுறைகள் சுற்றியுள்ள ஆற்றலை உறிஞ்சி எதிரிகள் மீது வீசக் கற்றுக்கொள்கின்றன. மேகசின் தேடி விரல்கள் நடுங்கிய காலம் போய், அங்கே கையை நீட்டினால் போதும். இந்தப் பகுதியை முதல் முறை ஆடியபோது எனக்கு விடுதலையாக இருந்தது. மறுமுறை ஆடியபோது அந்த நடுக்கம் இல்லாததை உணர்ந்து, முந்தைய அத்தியாயங்களுக்கே திரும்பிப் போனேன். பிரைம் 3-இன் இறுதியில் அப்படி நேரவில்லை. வலிமையும் அழிவும் ஒரே குழலிலிருந்து வருவதால் கடைசிச் சுடுதல்வரை கை இறுகியே இருக்கிறது. முடிவை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய விளையாட்டுக்கே என் வாக்கு.

இந்த இரண்டு விளையாட்டுகளிலிருந்தும் கையை நீக்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரைம் 3-ஐக் கணினியில் மவுசும் விசைப்பலகையும் கொண்டு ஆட ரசிகர்கள் ‘பிரைம்ஹேக்’ என்ற மாற்றத்தைச் செய்தார்கள். அலிக்ஸை ஹெட்செட்டே இல்லாமல் ஆடவும் ரசிகர்களின் மாற்றம் வந்தது. இதை விளையாட்டுகளுக்குச் செய்த துரோகமாக நான் பார்க்கவில்லை. நின்டெண்டோ 2009-இல் மூன்று பாகங்களையும் ஒரே தட்டில் ‘மெட்ராய்டு பிரைம் ட்ரிலஜி’யாக வெளியிட்டது, 2015-இல் வீ யு கருவியின் இணையக் கடையிலும் தந்தது, அந்தக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. 2023-இல் ஸ்விட்சுக்குப் புதுப்பித்து வந்தது முதல் பாகம் மட்டும். கருவியோடு கட்டிப்போட்ட விளையாட்டு அந்தக் கருவி கடைகளிலிருந்து மறைந்ததும் தானும் மறையத் தொடங்கும். அதைத் தடுக்க முனைந்த ரசிகர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மவுசில் ஆடும்போது பிரைம் 3 பெருமளவு உயிரோடு இருக்கிறது. சுட்டுதல் ரிமோட்டை விடத் துல்லியமாகவே நடக்கிறது, திரும்புவதில் இருந்த தடையும் போய்விடுகிறது. எலிசியா கோளின் வானத்து நகரமும், பிரையோவின் இடிபாடுகளும், தலைக்கவசக் கண்ணாடி வழியே ஒவ்வொன்றையும் அலசி வாசிக்கும் தனிமையும் அப்படியே நிற்கின்றன. ரன்டாஸின் பனிக் கவசத்தை உரிக்கும் இழுப்பு மட்டும் ஒரு விசையாகக் குறுகிப்போகிறது. அலிக்ஸில் இழப்பு மிகப் பெரிது. ஒரு விசையைத் தட்டினால் தோட்டா நிரம்புகிறது. பொருள்கள் தாமாகக் கைக்கு வருகின்றன. நிதானப்படுத்தப்பட்ட எதிரிகள் மவுசின் வேகத்துக்கு முன் பொம்மைகளாகிறார்கள், அடுக்கடுக்காக வரும் அறைகள் காலியாகத் தெரிகின்றன. வடிசாலையில் வாயைப் பொத்துவதற்கும் ஒரு விசைதான். மேசையில் கிடக்கும் மற்றொரு கைக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை.